ஹவாய்: ஒரு ராஜ்ஜியம் அமெரிக்க மாநிலமான கதை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஹவாய் என்றதும் கடற்கரையும் பூமாலையும்தான் முதலில் நினைவுக்கு வரும். கொஞ்சம் வரலாறு படித்தவர்கள் பேர்ல் ஹார்பரைச் சொல்வார்கள். அந்தத் தீவுகளுக்குச் சொந்தமாக ஓர் அரச வம்சம் இருந்தது, அரசியல் சாசனம் இருந்தது, அவர்கள் மொழியிலேயே பத்திரிகைகள் வந்துகொண்டிருந்தன என்பது பலருக்கும் புதிதாக இருக்கும். ஹவாய் பற்றிப் பேச்செடுத்தால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். ராணி லிலியுவோகலானி பற்றிய பதில்களும் மொழி பற்றிய பதிலும் மற்றவற்றைவிட நீளம். இந்த வரலாற்றின் உயிர் அங்கேதான் இருப்பதாக எனக்குப் படுகிறது.

ஹவாயில் முதலில் குடியேறியவர்கள் யார்?

பாலினேசியர்கள். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு தெற்குப் பசிபிக் தீவுகளிலிருந்து வந்தார்கள். இரண்டு நீளமான படகுகளை அருகருகே வைத்து, நடுவில் மேடை கட்டி, பாய் விரித்து ஓட்டிய கலங்கள் அவை. திசைகாட்டி கிடையாது. நட்சத்திரம் எங்கே எழுகிறது, அலை எந்தப் பக்கம் அடிக்கிறது, பறவை எந்தத் திசையில் கூடு திரும்புகிறது என்று பார்த்தே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்தார்கள்.

கூடவே கோழி, பன்றி, வாழை, கரும்பு, சேப்பங்கிழங்கு எல்லாம் கொண்டு வந்தார்கள். நம் வீட்டில் வறுவல் செய்யும் அதே சேப்பங்கிழங்குதான். அவர்கள் அதைக் கலோ என்கிறார்கள். வேகவைத்து, கல்லால் இடித்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து களி போல ஆக்கிச் சாப்பிடுவார்கள். ஹவாய் மக்களின் பழங்கதையில் கலோ செடி மனிதனுக்கு மூத்த அண்ணன். நிலத்தை அவர்கள் ஆய்னா என்பார்கள். உண்ணத் தருவது என்று அதற்குப் பொருள். பின்னால் நிலம் கைமாறிய கதை வரும்போது இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேப்டன் குக்கை ஏன் கொன்றார்கள்?

ஆங்கிலேயக் கடற்பயணி ஜேம்ஸ் குக் 1778 ஜனவரியில், ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாய் தீவின் வைமேயா கரையில் இறங்கினார். மறு பயணத்தில் ஹவாய் பெரிய தீவின் கேயலகேகுவா விரிகுடாவில் தங்கினார். அங்கிருந்து கிளம்பிய பிறகு கப்பலின் பாய்மரம் பழுதாகி, அதே இடத்துக்குத் திரும்ப வேண்டி வந்தது. இந்தமுறை வரவேற்பு முன்போல் இல்லை. கப்பலின் படகு ஒன்று திருடு போனது. அதை மீட்பதற்காக அந்தத் தீவின் அரசர் கலனிஓபுவுவைப் பிணையாகப் பிடித்துச் செல்லப் பார்த்தார் குக். தங்கள் அரசரை அந்நியன் கையைப் பிடித்து இழுத்துப் போவதை யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? கரையில் நடந்த கைகலப்பில் 1779 பிப்ரவரி 14 அன்று குக் இறந்தார்.

அவர் இறந்ததைவிட, அவருடைய கப்பல்களும் பின்னால் வந்த கப்பல்களும் விட்டுப்போன நோய்கள்தான் பெரிய சேதம். பால்வினை நோய், காசநோய், தட்டம்மை, பெரியம்மை என ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. குக் வந்தபோது சில லட்சம் பேர் வாழ்ந்திருப்பார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். 1890இல் கலப்பு வம்சத்தையும் சேர்த்தே பூர்வகுடிகள் 40,000 பேர்தான் இருந்தார்கள். நூறு ஆண்டு கொஞ்சம் கூடுதல். அதற்குள் இவ்வளவு இழப்பு.

தீவுகளை ஒன்றாக்கியவர் யார்?

முதலாம் காமேஹமேஹா. 1795இல் ஒவாஹு தீவின் நுவுவானு பள்ளத்தாக்கில் நடந்த போர் முக்கியமான திருப்பம். எதிரிப் படையை மலை விளிம்பு வரை நெருக்கிக்கொண்டு போனார்கள். பலர் செங்குத்துப் பாறையிலிருந்து விழுந்து இறந்தார்கள். கவாய் தீவின் அரசர் மட்டும் அடங்காமல் இருந்தார். 1810இல் அவரும் சமாதானமாக இணங்கினார். அப்புறம் எல்லாத் தீவும் ஒரே ராஜ்ஜியம்.

அரசர் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டதால் பழைய மதமே முடிந்தது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். காபு என்ற விலக்கு முறை சமூகம் முழுவதையும் கட்டிப்போட்டிருந்தது. ஆணும் பெண்ணும் ஒன்றாகச் சாப்பிடக்கூடாது. பன்றிக்கறி, தேங்காய், வாழைப்பழத்தில் பெரும்பாலான வகைகள் எதையும் பெண்கள் தொடக்கூடாது. மீறினால் உயிர்கூடப் போகலாம்.

1819இல் காமேஹமேஹா இறந்தார். அவருடைய மனைவிகளில் செல்வாக்கு மிகுந்தவரான காஅஹுமானு, புது அரசரான லிஹோலிஹோவை இதை உடைக்கச் சொல்லித் தொடர்ந்து வற்புறுத்தினார். அந்த ஆண்டின் இறுதியில் ஒரு விருந்து. ஆண்களுக்குத் தனி இடம், பெண்களுக்குத் தனி இடம். லிஹோலிஹோ எழுந்து வந்து, பெண்கள் பக்கம் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினார். ஒன்றும் நடக்கவில்லை. கோயில்களை இடிக்கவும் தெய்வ உருவங்களை எரிக்கவும் உத்தரவு போனது. எதிர்த்துக் கிளம்பிய ஒரு படையும் தோற்றது.

கிறிஸ்தவப் போதகர்கள் வந்துதான் பழைய முறை ஒழிந்தது என்று பலர் எழுதுகிறார்கள். அது தவறு. அவர்கள் வந்தது 1820இல். காபுவை உடைத்தவர்கள் ஹவாய்க்காரர்களே, அதிலும் முன்நின்றவர் ஒரு பெண்.

சரி, அந்தப் போதகர்கள் நல்லது செய்தார்களா, கெட்டது செய்தார்களா?

இரண்டும். ஹூலா நடனத்தை இழிவாகப் பேசினார்கள், உடை முதல் திருமணம் வரை தங்கள் வழக்கத்தைத் திணித்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரர்களும் சர்க்கரை முதலாளிகளாகி அரசைக் கவிழ்த்ததில் பங்கெடுத்தார்கள்.

ஆனால் எழுத்து அவர்கள் வழியாகத்தான் வந்தது. ஐந்து உயிரெழுத்து, ஏழு மெய்யெழுத்து. பன்னிரண்டே எழுத்துகளில் மொழி முழுவதும் அடங்கியது. மக்கள் அதைப் பற்றிக்கொண்ட வேகம் பிரமிக்க வைக்கும். கிழவர்கள்கூடப் பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுத்துக் கூட்டினார்கள். 1834இல் மாவி தீவின் லஹைனாலுனா பள்ளியில் ஹவாய் மொழியின் முதல் பத்திரிகை அச்சானது. 1948 வரை ஏறத்தாழ நூறு பத்திரிகைகள் அந்த மொழியில் வந்து போயின. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள். அரசியல் சண்டை, இரங்கற்பா, தொடர்கதை, மூலிகைக் குறிப்பு எல்லாமே அவற்றில் இருக்கின்றன. ஒரு சின்ன மக்கள் கூட்டம் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்த இத்தனை பெரிய களஞ்சியம் வேறு எங்கே கிடைக்கும்!

நிலம் எப்படிக் கைவிட்டுப் போனது?

1848இல் மூன்றாம் காமேஹமேஹா காலத்தில் மாஹேலே என்ற நிலப் பிரிவினை நடந்தது. அதுவரை நிலம் யாருக்கும் தனிச் சொத்து இல்லை; மலையிலிருந்து கடல்வரை நீளும் பட்டைகளாகப் பிரித்து எல்லோரும் பயன்படுத்தினார்கள். மாஹேலே அதை அரசர், பிரபுக்கள், அரசாங்கம் என்று பங்கிட்டது. ஐரோப்பிய வல்லரசுகள் வந்து பிடித்தாலும் பட்டா இருந்தால் நிலம் தப்பும் என்ற கணக்கும் அதில் இருந்தது. 1843இல் ஓர் ஆங்கிலேயக் கப்பற்படை அதிகாரி ஐந்து மாதம் தீவுகளைப் பிடித்து வைத்திருந்ததை அரசர் மறக்கவில்லை.

1850இல் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று, சாதாரணக் குடியானவர் தான் உழுத நிலத்துக்கு உரிமை கோரலாம் என்றது. மற்றது, வெளிநாட்டினர் நிலம் வாங்கலாம் என்றது. உரிமை கோர வேண்டுமென்றால் அளவை செய்ய வேண்டும், சாட்சி வேண்டும், செலவு உண்டு. கடைசியில் குடியானவர்களுக்குக் கிடைத்தது மொத்த நிலத்தில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. வாங்க வந்தவர்களுக்கோ பணம் இருந்தது.

கரும்புத் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் யார்?

1852இல் சீனர்கள், 1868இல் முதல் ஜப்பானியக் குழு, 1878இல் போர்த்துகீசியர்கள், பிறகு கொரியர்கள், போர்ட்டோ ரிக்கோக்காரர்கள், 1906 முதல் பிலிப்பினோக்கள். ஒவ்வொரு தொழிலாளிக்கும் பாங்கோ என்ற எண் பொறித்த உலோக வில்லை கொடுப்பார்கள். கழுத்தில் சங்கிலியில் மாட்டியிருக்க வேண்டும். சம்பளம் வாங்கவும் கடையில் கடன் சொல்லவும் அதைக் காட்ட வேண்டும். பெயரை யாரும் கேட்கமாட்டார்கள், எண்ணைத்தான் கேட்பார்கள். சில தோட்டங்களில் வில்லையின் வடிவமே இனத்துக்கு இனம் மாறும்.

முதலாளிகள் இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்தும், ஓர் இனத்தின் வேலைநிறுத்தத்தை இன்னோர் இனத்தைக் கொண்டு முறித்தும் வந்தார்கள். 1946இல் அது பலிக்கவில்லை. எல்லா இனத்தவரும் ஒரே சங்கத்தில் சேர்ந்து 79 நாள் வேலைநிறுத்தம் செய்து வென்றார்கள். இன்று ஹவாயில் கேட்கும், பல மொழிகள் கலந்த பிட்ஜின் பேச்சு பிறந்ததும் இந்தத் தோட்டங்களில்தான்.

ராணியின் ஆட்சி எப்படிக் கவிழ்ந்தது?

சர்க்கரையிலிருந்து தொடங்க வேண்டும். 1875 ஒப்பந்தத்தால் ஹவாய் சர்க்கரை தீர்வை இல்லாமல் அமெரிக்காவுக்குள் போனது. தோட்டங்கள் பெருத்தன, முதலாளிகளின் செல்வாக்கும் பெருத்தது. 1887இல் அவர்கள் ஆயுதக் குழுவின் பலத்தோடு அரசர் காலாகாவுவாவை மிரட்டி, புது அரசியல் சாசனத்தில் கையெழுத்து வாங்கினார்கள். துப்பாக்கிமுனைச் சாசனம் என்றுதான் அதற்குப் பெயர். அரசரின் அதிகாரம் போனது. சொத்தும் வருமானமும் இருந்தால்தான் மேலவைக்கு ஓட்டு என்றானதால் பூர்வகுடிகளில் பெரும்பாலோர் அந்த உரிமையை இழந்தார்கள். ஆசியர்களுக்கு ஓட்டே கிடையாது.

1890இல் அமெரிக்கா தன் சர்க்கரைக் கொள்கையை மாற்றியது. எல்லா நாட்டுச் சர்க்கரைக்கும் தீர்வையை நீக்கி, உள்நாட்டு உற்பத்திக்கு மட்டும் மானியம் கொடுத்தது. ஹவாயின் சலுகை ஒரே அடியில் போனது. அமெரிக்காவோடு இணைந்துவிட்டால் மானியம் தங்களுக்கும் வரும் என்ற எண்ணம் தோட்ட முதலாளிகள் சிலரிடம் வளர்ந்தது.

1891இல் அண்ணன் இறந்ததும் லிலியுவோகலானி அரியணை ஏறினார். மக்கள் மனுக்களாகக் கொடுத்துக் கேட்டதால், ஓட்டுரிமையை மீட்கும் புதுச் சாசனம் ஒன்றைக் கொண்டுவர 1893 ஜனவரி 14 அன்று முயன்றார். இணைப்பை விரும்பியவர்கள் இதைத்தான் எதிர்பார்த்திருந்தார்கள். போதகர் வம்சத்தில் வந்த வழக்கறிஞர் லாரின் தர்ஸ்டன் முதலானோர் 13 பேர் கொண்ட குழு அமைத்தார்கள். அமெரிக்கத் தூதர் ஜான் ஸ்டீவன்ஸ் அவர்கள் பக்கம். ஜனவரி 16 மாலை, பாஸ்டன் என்ற போர்க்கப்பலிலிருந்து 162 அமெரிக்க வீரர்கள் ஹொனலுலுவில் இறங்கி, அரண்மனைக்குக் கூப்பிடு தூரத்தில் முகாமிட்டார்கள். மறுநாள் அந்தக் குழு தற்காலிக அரசை அறிவித்தது. சான்ஃபோர்ட் டோல் தலைவரானார்.

ரத்தம் சிந்த வேண்டாம் என்று ராணி விட்டுக்கொடுத்தார். ஆனால் எழுதிக்கொடுத்த வாசகத்தில் அவருடைய அறிவுக்கூர்மை தெரியும். கவிழ்த்தவர்களுக்கு அவர் பணியவில்லை. அமெரிக்க அரசின் படைபலத்துக்குப் பணிவதாகவும், உண்மை தெரிந்ததும் அமெரிக்கா தன்னை மீண்டும் அமர்த்தும் வரை மட்டுமே என்றும் எழுதினார். அதிபர் க்ளீவ்லாண்ட் விசாரணை நடத்தி, படை இறக்கியது போர்ச்செயல் என்று நாடாளுமன்றத்துக்கே எழுதினார். ஆனாலும் அரியணை திரும்பக் கிடைக்கவில்லை.

ராணியைச் சிறை வைத்தார்களா?

ஆம், சொந்த அரண்மனையிலேயே. 1895 ஜனவரியில் ராணியின் ஆதரவாளர் ராபர்ட் வில்காக்ஸ் தலைமையில் நடந்த எழுச்சி சில நாட்களில் அடக்கப்பட்டது. அதைப் பற்றித் தெரிந்தும் சொல்லவில்லை என்று ராணியின் மீது ராணுவ நீதிமன்றம் வழக்கு நடத்தியது. தண்டனை, ஐந்து ஆண்டு கடும் உழைப்பும் 5,000 டாலர் அபராதமும். கடும் உழைப்பு நிறைவேற்றப்படவில்லை. இயோலானி அரண்மனையின் மாடியில் ஓர் அறையில் ஏறக்குறைய எட்டு மாதம் அடைத்து வைத்தார்கள்.

செய்தித்தாள் கொடுக்கக்கூடாது என்று உத்தரவு. அவருடைய தோட்டத்துப் பூக்களைப் பழைய நாளிதழில் சுற்றி அனுப்புவார்கள்; பூவை எடுத்துவிட்டு, தாளை விரித்துப் படிப்பார். பாடல்கள் எழுதினார். கூட இருந்த தோழியோடு சேர்ந்து, பட்டுத் துண்டுகளையும் ரிப்பன்களையும் ஒட்டுப்போட்டு ஒரு போர்வை தைத்தார். ஒன்பது கட்டங்கள். நடுக்கட்டத்தில் ஹவாய்க் கொடிகள். சிறை வைக்கப்பட்டதும், அங்கேதான் இதைத் தைக்கத் தொடங்கியதும், உடன் நின்றவர்களின் பெயர்களும் நூலாலேயே எழுதப்பட்டிருக்கின்றன.

அமெரிக்காவோடு இணைப்பை மக்கள் எதிர்க்காமல் ஏற்றுக்கொண்டார்களா?

இல்லை. நூறு ஆண்டு காலம் அப்படித்தான் பாடம் சொன்னார்கள். அது பொய்யென்று தாள்களே சாட்சி சொல்கின்றன.

1897இல் இணைப்பு ஒப்பந்தம் அமெரிக்க செனட் முன்னால் வந்தது. ஹவாய் தேசபக்தர் சங்கத்தின் ஆண்களும் பெண்களும் தீவு தீவாகப் போனார்கள், கூட்டம் போட்டார்கள், கையெழுத்து வாங்கினார்கள். ஒவ்வொரு தாளிலும் ஹவாய் மொழி ஒரு பக்கம், ஆங்கிலம் ஒரு பக்கம். கீழே பெயரும் வயதும். ஆண்களுக்குத் தனித்தாள், பெண்களுக்குத் தனித்தாள். சேர்ந்தது 21,269 கையெழுத்து, 556 பக்கம். மொத்தப் பூர்வகுடிகளே 40,000 பேர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். நாலு பிரதிநிதிகள் அதை வாஷிங்டனுக்குக் கொண்டுபோனார்கள். ராணியும் அங்கே இருந்தார். ஒப்பந்தத்துக்குத் தேவையான மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு செனட்டில் கிடைக்கவில்லை. எழுத்தறிவு அவர்களுக்குக் கொடுத்த வெற்றி அது.

அடுத்த சில மாதங்களில் ஸ்பெயினோடு போர் வந்தது. பிலிப்பைன்ஸுக்குப் போகும் கப்பல்களுக்கு நடுவழியில் துறைமுகம் வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. ஒப்பந்தத்தைக் கைவிட்டு, சாதாரணப் பெரும்பான்மை போதும் என்ற தீர்மானமாகக் கொண்டுவந்து 1898 ஜூலையில் நிறைவேற்றினார்கள். ஆகஸ்ட் 12 அன்று அரண்மனையில் ஹவாய்க் கொடி இறங்கியது.

மனுத்தாள்கள் வாஷிங்டன் ஆவணக் காப்பகத்தில் கிடந்தன. 1990களில் ஹவாய் அறிஞர் நோஎனோஎ சில்வா அவற்றைக் கண்டெடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்.

பேர்ல் ஹார்பர் தாக்குதல் ஹவாய் மக்களை எப்படிப் பாதித்தது?

1941 டிசம்பர் 7, ஞாயிறு காலை எட்டு மணிக்குச் சற்று முன்பு ஒவாஹு தீவிலுள்ள அந்த அமெரிக்கக் கடற்படைத் தளத்தைத் தாக்க ஜப்பானிய விமானங்கள் வந்தன. இறந்தவர்கள் 2,403 பேர். அரிசோனா கப்பலில் மட்டும் 1,177 பேர். அன்றே ராணுவச் சட்டம் வந்து 1944 அக்டோபர் வரை நீடித்தது. ஜப்பானிய வம்சாவளியினர் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். அமெரிக்க மேற்குக் கரையில் செய்ததுபோல எல்லோரையும் முகாமில் அடைத்தால் தீவின் வேலையே நின்றுவிடும் என்பதால் அடைக்கவில்லை. ஆனாலும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்து வைத்தார்கள். அந்தச் சமூகத்து இளைஞர்கள்தான் அமெரிக்க ராணுவத்தின் 442ஆம் படைப்பிரிவில் ஐரோப்பாவில் போரிட்டார்கள். இத்தாலியில் வலக்கையை இழந்த டேனியல் இனோயே பிறகு பல பத்தாண்டுகள் ஹவாயின் செனட்டராக இருந்தார்.

சுனாமி எச்சரிக்கை மையம் ஹவாயில் ஏன் வந்தது?

1946 ஏப்ரல் 1. அலூஷியன் தீவுகளில் நிலநடுக்கம். சில மணி நேரத்தில் அலை ஹவாயை அடைந்தது. லௌபாஹோயேஹோயே கிராமத்துப் பள்ளியில் கடல் உள்வாங்கியதைப் பார்க்கப் பிள்ளைகள் ஓடினார்கள். பிள்ளைகளும் ஆசிரியர்களும் அலையில் போனார்கள். ஹவாயில் மொத்தம் 159 பேர் இறந்தார்கள். முட்டாள்கள் தினம் என்பதால் எச்சரித்தவர்களைச் சிலர் நம்பவும் இல்லை. மூன்று ஆண்டில் எச்சரிக்கை மையம் அமைந்தது.

2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா நிலநடுக்கத்தை இந்த மையம் கால்மணி நேரத்திலேயே பதிவு செய்தது. ஆனால் அது பசிபிக் நாடுகளுக்கான மையம். இந்தியப் பெருங்கடல் நாடுகளுக்குத் தகவல் சொல்ல எந்த ஏற்பாடும் அப்போது இல்லை. நாகப்பட்டினத்துக்கும் மட்டக்களப்புக்கும் செய்தி போய்ச் சேரவில்லை.

மாநிலமானது எப்போது?

1959 ஆகஸ்ட் 21, ஐம்பதாவது மாநிலம். ஜூன் வாக்கெடுப்பில் 94 சதவீதம் ஆதரவு. மாநிலமாக வேண்டுமா வேண்டாமா என்பதுதான் கேள்வி. தனி நாடு என்ற தேர்வு சீட்டில் இல்லை. பூர்வகுடிகள் அதற்குள் சிறுபான்மையாகிவிட்டார்கள்.

ஹவாய் மொழி அழிந்துவிட்டதா?

அழியும் நிலைக்குப் போய்த் திரும்பியது. 1896இல், ஆட்சியைக் கவிழ்த்தவர்களின் அரசு, பள்ளிகளில் பயிற்றுமொழி ஆங்கிலம் என்று சட்டம் போட்டது. தாய்மொழியில் பேசிய பிள்ளைகள் அடி வாங்கினார்கள். அடிபட்டு வளர்ந்தவர்கள் தங்கள் பிள்ளைகளிடம் அந்த மொழியைப் பேசவில்லை. பிள்ளையாவது அடிபடாமல் இருக்கட்டும் என்ற பாசம்தான் அது. இரண்டு தலைமுறையில், வீட்டில் தாத்தா பாட்டி மட்டும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் மொழியானது.

பழைய வடிவத்தில் கட்டிய ஹோகுலேயா என்ற இரட்டைப் படகை 1976இல் கருவி எதுவும் இல்லாமல் தெற்குப் பசிபிக்கின் டஹிட்டி தீவு வரை ஓட்டினார்கள். வழிகாட்டியவர் மைக்ரோனீசியாவின் சட்டவால் தீவைச் சேர்ந்த மாவ் பியாய்லுக். ஹவாயில் அந்த வித்தை தெரிந்தவர் ஒருவர்கூட மிஞ்சவில்லை. படகு கரை சேர்ந்தபோது ஆயிரக்கணக்கானோர் திரண்டு நின்றார்கள். அந்த ஆண்டுகளின் எழுச்சியில்தான் 1978இல் ஹவாய் மொழி மாநிலத்தின் ஆட்சிமொழிகளில் ஒன்றானது.

1980களின் தொடக்கத்தில் 18 வயதுக்கு உட்பட்டவர்களில் அந்த மொழி பேசுபவர்கள் 50 பேர்கூட இல்லை என்று கணக்கிட்டார்கள். சில பெற்றோரும் ஆசிரியர்களும் 1984இல் கவாய் தீவின் கேகாஹாவில் பூனானா லெயோ என்ற மழலையர் பள்ளியைத் தொடங்கினார்கள். குரல்களின் கூடு என்று பொருள். வாசலைத் தாண்டினால் ஹவாய் மொழி மட்டும்தான். அப்போதும் பழைய சட்டம் தடையாக நின்றது. போராடி 1986இல் மாற்றினார்கள். அடுத்த ஆண்டே அரசுப் பள்ளிகளில் ஹவாய் மொழி வழிக் கல்வி வந்தது. இன்று மழலையர் வகுப்பிலிருந்து முனைவர் பட்டம் வரை அந்த மொழியிலேயே படிக்கலாம். பாடம் எழுதவும் புதுச்சொல் ஆக்கவும் கைகொடுத்தது அந்தப் பழைய பத்திரிகைக் களஞ்சியம்.

அமெரிக்கா மன்னிப்பு கேட்டதா?

கேட்டது. ராணியின் ஆட்சியைக் கவிழ்த்த நூறாம் ஆண்டான 1993இல் இரு அவைகளும் நிறைவேற்றிய தீர்மானத்தில் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்டார். நிலம் எதையும் அது திருப்பித் தரவில்லை.

லஹைனா தீ விபத்துக்கும் வரலாற்றுக்கும் தொடர்பு உண்டா?

நெருங்கிய தொடர்பு. 2023 ஆகஸ்ட் 8 அன்று எரிந்த மாவி தீவின் லஹைனா, ஒரு காலத்தில் ராஜ்ஜியத்தின் தலைநகர். 102 பேர் இறந்தார்கள். காலையில் மின்கம்பியால் பற்றி, அணைந்ததாக நினைத்த தீ பலத்த காற்றில் மீண்டும் எழுந்தது. ஊரைச் சுற்றி இருந்தது கைவிடப்பட்ட கரும்புத் தோட்டங்களில் மண்டிய வெளிநாட்டுப் புல், காய்ந்து கிடந்தது. தண்ணீர் ததும்பிய அந்த ஊரின் நீரோடைகளைத் தோட்டங்கள் திருப்பிக்கொண்டு போனது பழைய கதை.

நடு ஊரில் ஓர் ஆலமரம். இந்தியாவிலிருந்து கொண்டுவந்து 1873இல் நட்ட கன்று. விழுதுவிட்டுப் பரந்து ஒரு மைதானத்தையே மூடியிருந்தது. தீயில் கருகியது. மரம் பிழைக்கட்டும் என்று லாரி லாரியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். அடுத்த மாதமே துளிர் விட்டது.

ஹவாய்க்கும் தமிழுக்கும் ஏதாவது தொடர்பு?

கவாய் தீவில் ஒரு சைவ ஆதீனம் இருக்கிறது. 1949இல் யாழ்ப்பாணம் யோகர் சுவாமிகளிடம் தீட்சை பெற்ற அமெரிக்கரான சிவாய சுப்பிரமுனியசுவாமி 1970இல் அதை அங்கே நிறுவினார். அங்குள்ள இறைவன் கோயிலின் கருங்கற்கள் பெங்களூருக்கு அருகே உளியால் செதுக்கப்பட்டுக் கப்பலில் போனவை. 2023இல் கும்பாபிஷேகம் நடந்தது.

ஹவாய் போனால் எதைப் பார்க்க வேண்டும்?

ஹொனலுலுவில் இயோலானி அரண்மனை. கீழே சிம்மாசன மண்டபத்தைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள், மாடி ஏறுங்கள். ராணி இருந்த அறையில் அந்தப் போர்வை கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. 1897 மனுவின் பக்கங்கள் இப்போது இணையத்திலும் கிடைக்கின்றன. ஹவாய்க் குடும்பங்கள் தீவுவாரியாக, ஊர்வாரியாகத் தேடி, தங்கள் கொள்ளுத்தாத்தா கொள்ளுப்பாட்டி போட்ட கையெழுத்தைக் கண்டுபிடிக்கிறார்கள்.